வண்டலுக்குள் ஒரு திசைகாட்டி: குளத்துச் சேற்றில் காந்த பாக்டீரியாவைத் தேடிப் பார்ப்பது எப்படி

எங்கள் தெருமுனை அடிபம்பில் அடிக்கும் தண்ணீர் குடத்தில் விழும்போது தெளிவாகத்தான் இருக்கும். ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் பார்த்தால் அடியில் காவி படிந்திருக்கும். டெல்டாவில் பல ஊர்களில் இதைப் பார்த்திருப்பீர்கள். நிலத்துக்கு அடியில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில், இரும்பு ‘ஃபெரஸ்’ நிலையில் தண்ணீரோடு கரைந்து கிடக்கிறது. மேலே வந்து காற்றுப் பட்டதும் ‘ஃபெரிக்’ நிலைக்கு மாறுகிறது. அது கரையாது, துருவாக அடியில் தங்கிவிடும்.

குடத்தில் நடக்கும் இதே மாற்றத்தைத் தன் உடம்புக்குள் நடத்தி, அதைப் பாதியில் நிறுத்தி, காந்தக்கல்லாக ஆக்கிக்கொள்ளத் தெரிந்த பாக்டீரியாக்கள் உண்டு. ஒரு பங்கு ஃபெரஸ், இரண்டு பங்கு ஃபெரிக், கூடவே ஆக்சிஜன். இந்தக் கணக்கில் சேர்ந்தால் மேக்னடைட் என்ற கனிமம் கிடைக்கும். ஆற்று மணலில் காந்தத்தை இழுத்தால் ஒட்டிக்கொண்டு வரும் கறுப்புத் துகள்களிலும் அது உண்டு. பாக்டீரியா அதைச் சின்னச் சின்னப் படிகங்களாகச் செய்து, மணி கோத்த மாதிரி வரிசையாக வைத்துக்கொண்டு, பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்துக்கொண்டு நீந்துகிறது.

இதைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வகம் வேண்டியதில்லை. வாய் அகன்ற ஒரு பாட்டில், இரண்டு காந்தங்கள், பள்ளியிலோ கல்லூரியிலோ கேட்டு வாங்கும் ஒரு மைக்ராஸ்கோப், ஒரு மாதப் பொறுமை இருந்தால் போதும். இதுவரை சேற்றைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தே இராதவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை முழுக்க ஒரே ஒரு கோட்டைச் சுற்றித்தான் நடக்கிறது: சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும் கோடு. இந்தப் பாக்டீரியா வாழ்வது அந்தக் கோட்டை ஒட்டி. அதன் வயிற்றுக்குள் படிகம் விளைவதும் அந்தக் கோட்டில் கிடைக்கும் சூழலில்தான். அந்தக் கோட்டைக் கலைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, கலையாமல் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்தது.

யார் முதலில் பார்த்தார்கள்

இத்தாலியின் பவியா பல்கலைக்கழகத்தில் சால்வத்தோரே பெல்லினி என்பவர் 1963-லேயே, வடக்கு நோக்கி நீந்தும் பாக்டீரியாக்களைக் கண்டு எழுதி வைத்தார். அது இத்தாலிய மொழியில் இருந்ததால் பலருக்கும் தெரியாமலே போயிற்று. அமெரிக்காவில் மாணவராக இருந்த ரிச்சர்ட் பிளேக்மோர், உப்பங்கழிச் சேற்றை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தபோது, சில செல்கள் எப்போதும் துளியின் ஒரே பக்கமாகப் போய்க் குவிவதைக் கவனித்தார். ஜன்னல் வெளிச்சத்துக்காகப் போகிறதோ என்று மைக்ராஸ்கோப்பைத் திருப்பி வைத்துப் பார்த்தார், மூடி வைத்தும் பார்த்தார். அவை போகும் திசை மாறவில்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் மாறியது. 1975-ல் அவர் அதை வெளியிட்டார். உள்ளே இருப்பது மேக்னடைட்தான் என்பது 1979-ல் உறுதியானது.

நீங்கள் செய்யப்போவதும் அவர் செய்ததுதான். ஆனால் அவருடைய ஊருக்கும் நம் ஊருக்கும் காந்தப்புலத்தில் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சேறு எடுப்பது

ஓடுகிற தண்ணீரில் எடுக்காதீர்கள். மேட்டூர் திறந்து, கல்லணையில் பிரிந்து, காவிரியிலும் வெண்ணாற்றிலும் புது ஆற்றிலும் தண்ணீர் வேகமாக வரும் நாட்களில் வாய்க்கால் அடி முழுக்கப் புரண்டுவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் அப்படித்தான். தண்ணீர் நின்று, தூசு அடங்கி, பல வாரமாக யாரும் கலக்காத குளமோ குட்டையோதான் நமக்கு ஏற்றது. மாசி, பங்குனியில் பாதி வற்றிய குட்டை நல்ல இடம். சம்பா நட்டுச் சில வாரம் தண்ணீர் கட்டி நிற்கும் வயலும் ஆகும். மருந்து அடித்த வயலை விட்டுவிடுங்கள். கோயில் குளம், தனியார் குளம் என்றால் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

நான் முதல் தடவை அரசலாற்றுப் பக்கம் ஒரு குளத்துக்குப் பாட்டிலோடு போனபோது, படித்துறையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்:

“என்ன தம்பி, நத்தை பொறுக்குறியா?”

“இல்ல தாத்தா, சேறு எடுக்க வந்தேன். கலங்காத சேறு வேணும்.”

“அப்ப இங்க ஏன் நிக்கிற? படித்துறையில ஊரே கால் வைக்குது. அந்தப் பக்கம் மாடு எறங்குது. கோடியில போய்ப் பாரு, ஆகாயத்தாமரை ஓரத்துல. அங்க ஒருத்தரும் போறதில்ல.”

நான் புத்தகத்தில் படித்துவிட்டுப் போயிருந்த எந்தக் குறிப்பையும்விட அவர் சொன்னது பயன்பட்டது. எந்த ஊருக்குப் போனாலும் இப்போது முதலில் கரையில் இருப்பவரைத்தான் கேட்கிறேன்.

இடம் சரியா என்று பார்க்கும் வழி எளிது. கரையோரம் முழங்கால் ஆழத்துக்குள் நின்று, ஒரு குச்சியால் சேற்றின் மேல்தோலைக் கீறிப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பு நிறம், அதற்குக் கீழே சாம்பலோ கறுப்போ இருந்தால் அதுதான் நாம் தேடும் கோடு. பழுப்பு வரைக்கும் ஆக்சிஜன் எட்டுகிறது, கறுப்புக்குள் எட்டவில்லை. அடிபம்புக் குடத்தின் கதைதான் இங்கே தலைகீழாக நிற்கிறது: மேலே துரு, கீழே கரைந்த இரும்பு. சேடை ஓட்டிய வயலில் உடனே போய்க் கீறினால் எல்லாம் ஒரே நிறமாகக் குழம்பியிருக்கும். சில வாரம் கழித்துப் போங்கள்.

பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் அல்லது ஊறுகாய் பாட்டிலை நன்றாகக் கழுவி எடுத்துக்கொள்ளுங்கள், சோப்பு வாடை இருக்கக் கூடாது. கண்ணாடியோ தெளிந்த பிளாஸ்டிக்கோ இருக்கட்டும், உள்ளே நடப்பது தெரிய வேண்டும். சேற்றின் மேல்பகுதியை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குள், மெதுவாக அள்ளிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்புங்கள். மிச்சத்தை அதே குளத்துத் தண்ணீரால் நிரப்புங்கள். வீட்டுக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கலாம். ஊர்ப் பெயர், தேதி, குளத்தில் எந்தப் பக்கம் என்று ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுங்கள். இரண்டாவது பாட்டில் வந்ததுமே எது எதென்று மறந்துபோகும். குறைந்தது மூன்று பாட்டில் எடுப்பது நல்லது. என் முதல் இரண்டு பாட்டில்களில் எதுவுமே வரவில்லை.

கையில் காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள். தேங்கின தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் உண்டு. ரப்பர் கையுறை போடுங்கள், வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஆழம் தெரியாத குளத்தில் தனியாகவும் இறங்க வேண்டாம்.

பாட்டிலைச் சும்மா விடுவது

கேட்க எளிதாக இருக்கும், ஆனால் இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். மூடியை இறுக்காமல் லேசாக வையுங்கள். வெயில் படாத, மங்கலான மூலையில் வையுங்கள். வெளிச்சம் அதிகமானால் பாசி பிடிக்கும், பாசி ஆக்சிஜன் விடும், கோடு கலைந்துவிடும். குலுக்கவே கூடாது. இரும்பு பீரோ, ஸ்பீக்கர், ஃப்ரிட்ஜ் பக்கத்திலும் வைக்காதீர்கள், அவை சுற்றியிருக்கும் காந்தப்புலத்தை மாற்றிவிடும். முதல் சில நாள் நாற்றம் வரும். அது நல்ல அறிகுறி. உள்ளே மக்கும் பொருள்களைத் தின்னும் மற்ற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தீர்த்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம்.

மூன்று வாரத்திலிருந்து இரண்டு மாதத்துக்குள் காந்த பாக்டீரியா பெருகி, எடுக்கும் அளவுக்கு வரலாம். அதுவரை பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு இதுதான் இந்த வேலையிலேயே பிடித்த பகுதி.

செல்லுக்குள் படிகம் விளைவது

முதலில் பை, அப்புறம்தான் இரும்பு. இந்த வரிசை முக்கியம்.

செல்லைச் சுற்றியிருக்கும் உள்சவ்வு சில இடங்களில் உள்நோக்கிக் குழிந்து, சின்னக் கொழுப்புப் பைகளாக உப்புகிறது. மேக்னடோசோம் என்று இதற்குப் பெயர். இரும்பே இல்லாத ஊட்டத்தில் வளர்த்த செல்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, வெறும் பைகள் வரிசையாகக் காத்திருப்பது தெரிந்தது. நாற்று வருவதற்கு முன்பே வயலை அண்டை வெட்டித் தயாராக வைத்திருப்பது போல.

பை இருந்தால்தான் உள்ளே இருக்கும் சூழலைச் செல் தன் இஷ்டத்துக்கு அமைக்க முடியும். கரைந்த இரும்பு செல்லுக்குள் கண்டபடி அலைந்தால் நஞ்சு. காந்த பாக்டீரியா தன் உலர் எடையில் 2, 3 சதவீதம் வரை இரும்பைச் சுமக்கிறது. சாதாரண பாக்டீரியாவால் அதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. பைக்குள் அடைத்துவிடுவதால்தான் அது பிழைக்கிறது.

அடுத்து இரும்பை உள்ளே இறைக்க வேண்டும். பையின் சவ்வில் மாம்பி (MamB), மாம்எம் (MamM) என்ற இரண்டு புரதங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இரும்பை உள்ளே கடத்துவது அவற்றின் வேலை. ஃபெரஸ் இரும்பில் ஒரு பகுதியை ஃபெரிக்காக மாற்ற இன்னொரு ‘மாம்பி’ (MamP) போன்ற வேறு புரதங்கள் இருக்கின்றன. (‘மாம்’ என்பது இந்தக் குடும்பத்துக்கு வைத்த முன்னொட்டு, பின்னால் வருவது ஆங்கில எழுத்து.) இந்த மாற்றத்தில் அளவு தவறக் கூடாது. முழுக்க ஃபெரிக் ஆகிவிட்டால் குடத்து அடியில் படியும் வெறும் துருதான் மிஞ்சும்.

பையின் புளிப்பும் முக்கியம். ஒரு ஃபெரஸ் அயனியும் இரண்டு ஃபெரிக் அயனியும் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு மேக்னடைட்டாகச் சேரும்போது 8 புரோட்டான்கள் மிஞ்சும். புரோட்டான் சேரச் சேரப் பை புளிக்கும், புளித்த இடத்தில் மேக்னடைட் நிலைக்காது. அதனால் புரோட்டான்களைத் தொடர்ந்து வெளியே தள்ளியாக வேண்டும். ஒரு வயலில் மடையைத் திறந்து பாய்ச்சிக்கொண்டே இன்னொரு பக்கம் வடிகாலில் வடிய விடுவதைப் போன்ற வேலை இது. இரண்டில் எது நின்றாலும் பயிர் கெடும்.

அப்புறம் படிகம் வளர்கிறது. எவ்வளவு பெரிதாக? இங்கேதான் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஆச்சரியம் வரும். இந்தப் படிகங்கள் பெரும்பாலும் 35-லிருந்து 120 நானோமீட்டருக்குள் நின்றுவிடுகின்றன. மேக்னடைட் துகள் 30 நானோமீட்டருக்கும் சிறியதாக இருந்தால், அறை வெப்பத்திலேயே அதன் காந்தத் திசை நிலையில்லாமல் புரண்டுகொண்டே இருக்கும். ரொம்பப் பெரிதானால் உள்ளேயே பல பகுதிகளாகப் பிரிந்து, ஒன்று வடக்கே ஒன்று தெற்கே என்று ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் அளவில்தான் படிகம் முழுக்க ஒரே காந்தமாக நிற்கும். பாக்டீரியா அந்த அளவிலேயே நிறுத்துகிறது. எம்எம்எஸ்6 என்ற புரதம் படிகத்தின் மேல் ஒட்டியிருந்து அதன் அளவையும் வடிவத்தையும் கட்டுப்படுத்துகிறது. இனத்தைப் பொறுத்து முனை வெட்டிய கனசதுரமாகவோ, நீண்ட பட்டகமாகவோ, துப்பாக்கிக் குண்டு வடிவிலோ படிகம் இருக்கும். ஒரே இனத்தின் செல்களில் வடிவம் மாறுவது அபூர்வம்.

ஒரு படிகம் மட்டும் இருந்தால் பயனில்லை. சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் இடித்து இடித்துச் செல்லைத் திருப்பிவிடும். பதினைந்து, இருபது படிகங்கள் ஒரே வரியில் நின்றால்தான் அந்த இடிகளைத் தாங்கிப் புலத்தோடு நேராக நிற்க முடியும். காந்தங்களை வரியில் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று, ஸ்பீக்கர் காந்தங்களை வைத்து விளையாடிய எல்லாருக்கும் தெரியும், விட்டால் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். செல்லுக்குள் மாம்கே என்ற புரதம் ஒரு கயிறு போல நீளவாக்கில் ஓடுகிறது. மாம்ஜே என்ற புரதம் பைகளை அந்தக் கயிற்றோடு கட்டுகிறது. மாம்ஜே இல்லாமல் செய்த செல்களில் படிகங்கள் உருவாயின, ஆனால் சரம் சுருண்டு கொத்தாகிவிட்டது. 2006-ல் இது வெளியானது.

செல் பிரியும்போது சரமும் நடுவில் பிரிந்து, பாதி ஒரு மகள் செல்லுக்கு, பாதி இன்னொரு மகள் செல்லுக்குப் போகிறது. குறைந்த பாதியை ஒவ்வொன்றும் தானே செய்துகொள்ள வேண்டும். பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் தேவைப்படுவது சுமார் 30 மரபணுக்கள். பெரும்பாலும் அவை மரபிழையில் ஒரே இடத்தில் சேர்ந்து கிடக்கின்றன. 2014-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அந்தத் தொகுதியைக் காந்தமே இல்லாத வேறொரு பாக்டீரியாவுக்கு மாற்றினார்கள், அதுவும் படிகச் சரம் செய்யத் தொடங்கியது.

இனி பாட்டிலுக்கு வருவோம். ஜெர்மனியில் கிரைஃப்ஸ்வால்ட் என்ற ஊருக்குப் பக்கத்து ஆற்றிலிருந்து பிரித்தெடுத்த ஒரு காந்த பாக்டீரியாவை ஆராய்ந்தவர்கள், ஆக்சிஜன் அழுத்தம் 20 மில்லிபாருக்குக் கீழே இறங்கினால்தான் அது மேக்னடைட் செய்கிறது என்று கண்டார்கள். நாம் மூச்சுவிடும் காற்றில் சுமார் 210 மில்லிபார் இருக்கிறது. அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனால்தான் வேலை தொடங்கும். 0.25 மில்லிபாரில்தான் நன்றாக நடக்கிறது. ஆக்சிஜன் அதிகம் கொடுத்தால் செல் சாகாமல் வளரக்கூடும், ஆனால் படிகம் இருக்காது. பாட்டிலைக் குலுக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

காந்தம் வைப்பது

முதலில் காந்தத்தின் முனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டக் காந்தமாக இருந்தால் நடுவில் நூல் கட்டி, இரும்புக்கு அப்பால் தொங்கவிடுங்கள். ஓய்ந்து நின்றதும் வடக்கே பார்க்கும் முனை வட முனை. அதில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்துவிடுங்கள். சாதாரணப் பள்ளிக்கூடக் காந்தமே போதும். நியோடிமியம் காந்தம் இருந்தால் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குழந்தைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள், விழுங்கினால் குடலையே ஓட்டை போட்டுவிடும்.

பாட்டிலை அசைக்காமல், சேற்றுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் உயரத்தில், ஒரு பக்கம் ஒரு காந்தத்தின் தென் முனையும், எதிர்ப்பக்கம் இன்னொன்றின் வட முனையும் கண்ணாடியைத் தொடும்படி ஒட்டுங்கள். வடக்கைத் தேடும் செல்கள் தென் முனைப் பக்கமும், தெற்கைத் தேடும் செல்கள் வட முனைப் பக்கமும் வரும். திசைகாட்டி முள்ளின் வடமுனை காந்தத்தின் தென் முனையைத்தானே நாடும், அதே கணக்கு. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் விடுங்கள். செல்கள் நிறைய இருந்தால் கண்ணாடியின் உள்பக்கம் மங்கலான ஒரு புள்ளி தெரியும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அங்கிருந்தே எடுங்கள்.

ஊசி இல்லாத சிரிஞ்சின் நுனியில் மெல்லிய டியூப் மாட்டிக்கொள்ளுங்கள். நுனியை மெதுவாகக் காந்தப் பக்கக் கண்ணாடி வரை இறக்கி, சில துளி மட்டும் உறிஞ்சுங்கள். சேற்றைத் தொடாதீர்கள்.

துளியைப் பார்ப்பது

கவர்ஸ்லிப்பின் (துளியை மூடும் மெல்லிய கண்ணாடிச் சில்லு) நடுவில் ஒரு துளி வையுங்கள். சிலைடின் மேல் ஒரு ரப்பர் வளையத்தை வாசலினால் ஒட்டி, கவர்ஸ்லிப்பைத் தலைகீழாகத் திருப்பி அதன்மேல் மூடுங்கள். துளி கீழ்நோக்கித் தொங்கும். குழாயில் போடும் மெல்லிய வாஷரே இதற்குப் போதும். 10 மடங்கு லென்ஸில் துளியின் விளிம்பைத் தேடிப் பிடியுங்கள். புதியவர்களுக்கு இதுதான் நேரம் பிடிக்கும், அவசரப்படாதீர்கள். கண்டென்சருக்கு (மேடைக்கு அடியில் வெளிச்சத்தைக் குவிக்கும் லென்ஸ்) கீழே, நடுவில் சில்லறைக் காசளவுக்கு வட்டமாக வெட்டிய கறுப்புக் காகிதத்தை வைத்தால், பின்னணி இருண்டு, செல்கள் மின்மினி மாதிரி ஒளிரும். வட்டத்தின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். எனக்கு இந்த ஒரு காகிதம் வைத்த பிறகுதான் எல்லாமே தெரிய ஆரம்பித்தது.

இனி மேடையின் ஓரத்தில், துளிக்குச் சில சென்டிமீட்டர் தள்ளி, தென் முனை துளியைப் பார்க்கும்படி காந்தத்தை வையுங்கள். சில நிமிடத்தில் விளிம்பில் புள்ளிகள் சேர ஆரம்பிக்கும். காந்தத்தைத் திருப்பி வட முனையைக் காட்டுங்கள். விளிம்பில் குவிந்தவை அத்தனையும் ஒரே சமயத்தில் பின்வாங்கி, எதிர்க்கரைக்குக் கிளம்பும். அதைப் பார்த்த ராத்திரி நான் சாப்பிடக்கூடப் போகவில்லை, ஒரு மணி நேரம் காந்தத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.

கண் ஏமாறாமல் இருக்க மூன்று சோதனை செய்யுங்கள். ஒன்று, காந்தமே இல்லாமல் அதே தண்ணீரில் இன்னொரு துளி பாருங்கள். ஆக்சிஜனைத் தேடும் சாதாரண பாக்டீரியாவும் விளிம்புக்கு வரும், ஆனால் சுற்றிலும் பரவி வரும். இரண்டு, காந்தத்துக்கு ஆடும் மணல் துகள்கள். அவை திரும்பும் அல்லது இழுபடும், நீந்தாது. நீந்தும் செல் காந்தத்தைத் திருப்பியதும் வளைந்து திரும்பி, தன் சக்தியில் வேகமாகப் போகும். மூன்று, கல்லூரி ஆய்வக வசதி இருந்தால் ஆசிரியர் துணையோடு துளியில் ஃபார்மலின் சேர்த்து, செல்களைக் கொன்று பாருங்கள். செத்த செல்லும் காந்தத்தோடு சேர்ந்து திரும்பும், ஆனால் நகராது. திருப்புவது உள்ளே இருக்கும் படிகச் சரம், நகர்த்துவது உயிருள்ள கசையிழை, அதாவது செல்லின் வால் போன்ற இழை. இரண்டும் வேறு வேறு வேலை என்பது அப்போது கண்ணுக்கே தெரியும்.

படிகத்தை இந்த மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியாது. ஒளியால் சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் உள்ள ஆய்வகத்தில் யாராவது உதவினால் கறுப்பு மணிச் சரமாகத் தெரியும்.

நம் ஊர்ப் புலம் படுத்திருக்கிறது

முன்னால் சொன்ன வித்தியாசத்துக்கு வருகிறேன். வட துருவத்துக்குக் கிட்டே போகப் போகப் பூமியின் காந்தக் கோடுகள் செங்குத்தாக மண்ணுக்குள் இறங்கும். பிளேக்மோர் சேறு எடுத்த இடத்தில் இறக்கம் 70 பாகையை ஒட்டி இருக்கும். அங்கே வடக்கைத் தேடி நீந்தும் செல் தானாகவே கீழே, ஆக்சிஜன் குறைந்த சேற்றை நோக்கிப் போகும். வட அரைக்கோளத்தில் வடக்கைத் தேடுபவை, தென் அரைக்கோளத்தில் தெற்கைத் தேடுபவை என்று புத்தகங்கள் சொல்வது இதனால்தான். 1980-ல் நியூசிலாந்திலும் டாஸ்மேனியாவிலும் எடுத்த சேறு அதற்குச் சாட்சி சொன்னது.

நமக்கு? காந்தக் கோடுகள் முழுக்கப் படுத்துக் கிடக்கும் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்கோடி வழியாகப் போகிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்கு முக்கியக் காரணம் அதுதான். பெல்லினி தன் பாக்டீரியாவைப் பற்றி எழுதிய அதே 1963-ல் அங்கே முதல் ராக்கெட் கிளம்பியது. தஞ்சாவூர்ப் பக்கம் காந்தக் கோட்டின் இறக்கம் பத்துப் பாகைக்கும் குறைவு. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நூறு அடி நீந்தினால் இருபது அடிகூடக் கீழே இறங்க முடியாது. புலத்தின் பலமும் 40 மைக்ரோடெஸ்லாவை ஒட்டித்தான், துருவப் பக்கம் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு.

1981-ல் பிரேசிலின் ஃபோர்டலேசாவில், காந்த நடுக்கோட்டை ஒட்டி எடுத்த சேற்றில் வடக்கைத் தேடுபவையும் தெற்கைத் தேடுபவையும் ஏறக்குறையச் சமமாக இருந்தன. அங்கே காந்தம் மேலே கீழே என்று வழிகாட்டுவதில்லை. ஆனாலும் செல் தாறுமாறாக மேலே போய்விடாமல் பக்கவாட்டில் பிடித்து வைக்கிறது. மிச்சத்தை ஆக்சிஜனை உணர்ந்து செல்லே பார்த்துக்கொள்கிறது. வட அமெரிக்காவிலேயே ஒரு கடலோரக் குளத்தில் தெற்கைத் தேடுபவை ஏராளமாக இருப்பதை 2006-ல் கண்டார்கள். ஆகப் புத்தக விதி எல்லா இடத்துக்கும் பொருந்தவில்லை.

உங்கள் குளத்தில் எப்படி என்று நீங்களே எண்ணலாம். எண்ணுவதற்கு எடுக்கும் துளியைக் காந்தமே வைக்காத பாட்டிலிலிருந்து, சேற்றுக்குச் சற்று மேலே இருந்து எடுங்கள். காந்தம் வைத்து இழுத்த துளி ஏற்கெனவே ஒரு பக்கத்தைப் பொறுக்கி எடுத்தது, அதை எண்ணினால் தப்பான விடை வரும். மேடையில் தென் முனையை வைத்துக் கால் மணி நேரம் விட்டு, காந்தத்தை ஒட்டிய விளிம்பிலும் எதிர் விளிம்பிலும் எத்தனை என்று எழுதுங்கள். துளிக்குத் துளி மாறும், அதனால் பத்துத் துளியாவது எண்ணுங்கள். பாட்டில் வீட்டுக்கு வந்த அன்றே ஒரு தடவை, ஒரு மாதம் கழித்து ஒரு தடவை. நான் எண்ணியதை இங்கே எழுதவில்லை. எழுதினால் உங்கள் கண் அதையே தேடும்.

உப்புத் தண்ணீர்ப் பக்கம்

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டிலோ வேதாரண்யம் உப்பளத்துக் கழியிலோ இதையே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கடல் நீரில் சல்பேட் அதிகம். ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் அது ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாறி, அழுகின முட்டை வாடை அடிக்கும். அந்தச் சூழலில் சில பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதில் கந்தகம் சேர்த்து, கிரெய்கைட் என்ற இரும்பு சல்ஃபைடு படிகத்தைச் செய்கின்றன. அமெரிக்காவின் மரணப் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒரு இனம் மேக்னடைட், கிரெய்கைட் இரண்டையும் செய்யக்கூடியது. செய்முறை ஒன்றுதான், ஆனால் தண்ணீர் அந்தக் கழியின் தண்ணீராகவே இருக்க வேண்டும். ஆவியாகிக் குறைந்தால் உப்புக் கூடிவிடும், எனவே முதல் நாளே தண்ணீர் மட்டத்தைப் பாட்டிலில் கோடு போட்டு வைத்து, குறையும் அளவுக்கு மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரைச் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். காட்டுக்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும்.

வேலை முடிந்த பாட்டிலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். நான் அதே குளத்துக்குக் கொண்டுபோய், ஆகாயத்தாமரை ஓரத்திலேயே இறக்கி விடுகிறேன். போன வைகாசியில் அப்படிப் போனபோது படித்துறைத் தாத்தா, “என்ன தம்பி, எடுத்த சேத்தத் திருப்பிக் கொண்டாந்துட்டியா?” என்றார். பாட்டிலில் மிச்சமிருந்ததை அவரிடம் காட்டினேன். மேலே பழுப்பு, கீழே கறுப்பு, நடுவில் நகத்தளவு கோடு. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “தண்ணி தொறக்குறதுக்குள்ள இன்னொரு பாட்டில் எடுத்துக்க” என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன்.